பழைய கேரவன் டிரெய்லரைப் பிரித்துக் கட்டிய 26 மாதங்கள்

எங்கள் குலதெய்வம் கோயிலில் இரவு தங்க இடம் கிடையாது. ஊத்தங்கரையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு மண்சாலையின் முடிவில் நாலைந்து புளிய மரம், ஒரு கைபம்பு, ஒரு ஓட்டுக் கொட்டகை, அவ்வளவுதான். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடி, விடிய விடிய இருந்து, மறுநாள் பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். 2021-ல் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அம்மாவால் தரையில் உட்கார முடியாது, குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைக்கும் போக முடியாது. அடுத்த வருஷம் நான் மட்டும் போய் வந்தேன். விபூதியை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "யார் யார் வந்திருந்தாங்க?" என்று அம்மா ஒவ்வொரு வீடாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ஒரு பழைய கேரவன் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், உள்ளே படுத்துத் தங்கக்கூடிய சின்ன வீடு மாதிரியான ஒன்று, வாங்க வைத்தது.

நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அல்சூரில் வீடு, கணக்கெழுதும் வேலை, வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். வண்டி வேலை எதுவும் தெரியாது. 2022 டிசம்பரில், வைட்ஃபீல்டில் ஒரு பழைய பங்களாவை இடிக்கப் போகிறார்கள், காம்பவுண்டுக்குள் ஒரு கேரவன் நிற்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். மாமரத்தடியில் 13 அடி நீளத்துக்கு அலுமினியத் தகடு போர்த்திய ஒற்றை அச்சு டிரெய்லர். அந்த வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், 1984-ல் சொந்தமாக வரைந்து பட்டறையில் கட்ட வைத்ததாம். உள்ளே தேக்கில் மடிக்கும் மேசை, பித்தளைக் கொக்கி, கையளவு சின்ன ஜன்னல்கள். அந்த மேசையை ஒருமுறை மடித்து விரித்துப் பார்த்தேன், அங்கேயே மனசு போய்விட்டது. பங்களாவின் பழைய சாமான்களை மொத்தமாக எடுத்திருந்த வியாபாரி 1,20,000 ரூபாய் சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

நான் செய்த முதல் தவறு, அதை டிசம்பரில் பார்த்தது. மழை நின்று ஒரு மாதமாகி எல்லாம் காய்ந்திருந்தது. பழைய டிரெய்லரை மழையில்லாத காலத்தில் பார்த்தால் அது உண்மையைச் சொல்லாது. இப்போதாக இருந்தால் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் வரும் வாசனை முக்கியம். ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி இருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. கூரையும் சுவரும் சேரும் மூலைகள், ஜன்னலின் கீழ் விளிம்பு, பின்விளக்குக்குப் பின்னால் இருக்கும் பலகை ஆகிய மூன்று இடத்திலும் டீக்கறை போன்ற பழுப்புத் திட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மரத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரம் உள்ளே விடும். தரையில் குதிகாலை ஊன்றி நடங்கள். கடைசியாக ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸ் எனும் அடிச்சட்ட இரும்பைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நான் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. வெளியே அலுமினியம் பளிச்சென்று இருந்ததால் உள்ளே மரமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது தவறு காகிதம். "டிரெய்லருக்கு ஏது மேடம் ஆர்.சி.? இழுக்கிற வண்டிக்கு இருந்தா போதும்" என்றார் வியாபாரி. அது பொய். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும், அதற்கென்று தனி எண் உண்டு, அந்த எண் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை நான் படித்தது பணம் கொடுத்து ஏழு மாதம் கழித்து.

அல்சூர் சந்தில் இதை நிறுத்த வழியில்லை. கே.ஆர்.புரம் தாண்டி ஹொஸ்கோட்டை போகும் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, மாதம் 6,500 வாடகை. டயர்கள் பார்க்கக் கனமாக, கட்டை தேயாமல் இருந்தன. இழுத்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, லாரிக்காரர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். 2309 என்று இருந்தது. 2009-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. பதின்மூன்று வருஷ ரப்பர், கட்டை எவ்வளவு இருந்தாலும், சாலையில் சூடானால் வெடித்துவிடும் என்றார். லாரியில் ஏற்றி இறக்க 11,500 ஆனது.

2023 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நான்கு மாதமும் மிகச் சந்தோஷமாக இருந்தேன். ஒரு ஆசாரி கிடைத்தார். புது பிளைவுட்டில் கட்டில், அலமாரி, சின்னச் சமையல் மேடை, தரைக்கு வினைல், மேலே விளக்கு என்று வரிசையாகப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போய்க் காட்டுவேன். திரைச்சீலைக்கு மாம்பழ மஞ்சள் அம்மா எடுத்தது. அந்த நான்கு மாதத்தில் 2,14,000 ரூபாய் செலவானது.

மே மாதம் மூன்றாவது வாரம் பெங்களூரில் பேய்மழை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் கொட்டகைக்குப் போனேன். கொட்டகையின் தகரமும் ஒழுகியிருந்தது, டிரெய்லரின் கூரையில் தண்ணீர் நின்றிருந்தது. உள்ளே மெத்தையைத் தூக்கினால் கை நனைந்தது. வினைல் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன், குமிழியாகத் தண்ணீர் மேலே வந்தது. ஜன்னலுக்குக் கீழே புதுப் பலகையை ஆசாரி கழற்றிக் காட்டினார். பின்னால் இருந்த பழைய மரச்சட்டம் கையில் பிட்டு மாதிரி உதிர்ந்தது. "அக்கா, நான் இந்த மரத்துலதான் ஸ்க்ரூ அடிச்சிருக்கேன்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அழகான புதுச் சுவர் எல்லாம், இருபது முப்பது வருஷமாக உளுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அலுவலகம் போகவில்லை. வாசற்படியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. ஏமாந்த கோபம் வியாபாரி மேல் வந்தது. என்மேல் வந்த கோபம் அதைவிட அதிகம்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்றால், நான் சொல்வது இதுதான். உள் வேலை கடைசி. தண்ணீர் எங்கே வருகிறது என்பது முதல். முதலில் சேசிஸும் அச்சும், பிறகு சட்டக்கூடு, பிறகு வெளித்தகடும் கூரையும், பிறகு தண்ணீர் அடித்துச் சோதனை, பிறகு ஒயரிங், அதற்கும் பிறகுதான் ஒரு பலகையாவது உள்ளே போக வேண்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

ஜூனில் பிரிக்க ஆரம்பித்தேன். சம்பளத்துக்கு ஆள் வைக்கப் பயமாக இருந்ததால் பெரும்பாலும் நானே, சனி ஞாயிறுகளில். பிரிப்பது வேகமாக நடக்கும், அதனால்தான் அதில் ஜாக்கிரதை வேண்டும். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால் 'இடது, மேல், 3' என்று எழுதினேன். ஸ்க்ரூக்களைப் பழைய ஊறுகாய் டப்பாக்களில் போட்டுப் பெயர் ஒட்டினேன். உளுத்துப்போன பலகையைக்கூட எறியாதீர்கள். கூரையின் வளைவை வெட்ட அதுதான் மாதிரி. நான் முதல் வாரம் இரண்டு வளைவுப் பலகைகளை விறகுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு அட்டையில் வெட்டி வெட்டி அந்த வளைவைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது.

சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு இருந்தது. அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, அடியில் சரிந்து கிடந்தது; எலிகள் கூடு கட்டியிருந்தன. அதை எடுக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, நல்ல மாஸ்க் போடாவிட்டால் இரண்டு நாள் உடம்பு அரிக்கும். ஸ்டவ்வுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டியான ஷீட் இருந்தது. பழைய வண்டிகளில் நெருப்புக்குத் தடையாக ஆஸ்பெஸ்டாஸ் வைப்பது வழக்கம். அதை உடைக்கவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி, இரண்டு கனமான பிளாஸ்டிக் பைகளில் சுற்றி எடுத்தேன். 1984 பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதையும் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புக் காகிதத்தால்தான் தேய்த்தேன்.

எல்லாம் எடுத்த பிறகுதான் தண்ணீர் நடந்த பாதை கண்ணுக்குத் தெரிந்தது. கூரையின் நடுவே இரண்டு தகடு சேரும் தையலில் நுழைந்து, சட்டத்தின் வழியாக ஓடி, ஜன்னலுக்கு மேல் இறங்கி, தரையில் தேங்கியிருக்கிறது. ஈரம் தெரிந்த இடத்துக்கும் தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் நடுவே ஆறு அடி. யாரோ முன்பு, ஈரம் தெரிந்த இடத்திலெல்லாம் சிலிகானை அப்பியிருந்தார்கள். புளித்த வினிகர் வாசனை அடிக்கும் அந்தச் சாதாரண சிலிகான் உலோகத்தை அரிக்கும். அதோடு, ஒருமுறை சிலிகான் பட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ஐந்து ஞாயிறு போனது. இன்னொன்று, அலுமினியத் தகட்டை இரும்பு ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரிக்குள் நடப்பது போல ஒரு வேலை நடந்து, அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் வெள்ளைப் பொடி, அதன் நடுவில் ஊசித்துளைகள். இரும்புச் சட்டம் தகட்டைத் தொடும் இடத்திலெல்லாம் நடுவில் ரப்பர் பட்டையோ டேப்போ இருக்க வேண்டும் என்று அப்போதுதான் கற்றேன்.

ஆகஸ்டில் வெல்டர் அண்ணன் ஒருவர் கிடைத்தார், திருப்பத்தூர்க்காரர், கலாசிபாளையம் பக்கம் பட்டறை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, முதலில் வெல்டிங் மெஷினை எடுக்காமல் சுத்தியலை எடுத்தார். சேசிஸில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் தட்டியதும் ஓட்டை விழுந்தன. அவற்றை வெட்டி மாற்றி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்தோம். அச்சு நன்றாக இருந்தது. பேரிங்கும் கிரீஸும் மட்டும் மாற்றினோம். லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருந்தது. ஜே.சி. ரோட்டில் தேடினால் அளவு சொல்லிச் செய்து தருகிறார்கள். பழைய பட்டையையே கையில் கொண்டுபோனால் பேச்சு குறையும். பிரேக் இறுகிப் போயிருந்தது. முன்னால் வண்டி பிரேக் போடும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலிலேயே பிடிக்கிற வகைப் பிரேக் அது. ஒரு டன் எடையை அது இல்லாமல் இழுக்கக் கூடாது. இணைப்புக் கொண்டியை, இழுக்கும் வண்டியின் பின்னால் இருக்கும் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டுக்கு ஏற்றதாக மாற்றினோம். இதில் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு அங்குலக் குண்டு என்று ஒரு வகையும் விற்கிறது, அது 50.8 மில்லிமீட்டர். பார்க்க ஒன்று போலவே இருக்கும். இரண்டு அங்குலக் கொண்டியை 50 குண்டில் மாட்டினால் கொஞ்சம் ஆடும், பள்ளத்தில் கழன்றுகொள்ளவும் கூடும். இரண்டையும் ஒரே இடத்தில், அளவு பார்த்து வாங்குங்கள். கொண்டியோடு பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம். டயரும் சேர்த்து இந்த அடிவேலைக்கு 1,18,000 ஆனது. இந்த மொத்த வேலையில் நான் வருத்தப்படாத ஒரே செலவு இதுதான்.

சட்டக்கூட்டை மறுபடி மரத்தில் கட்டவில்லை. மெல்லிய சதுர இரும்புக் குழாயில் கட்டி, தகட்டுக்கு நடுவே ரப்பர் பட்டை வைத்தோம். பிளைவுட் விஷயத்தில் இந்த முறை நான் யாரையும் நம்பவில்லை. சாதாரண எம்.ஆர். வகை வீட்டு அலமாரிக்குச் சரி, இதற்கு ஆகாது. கொதிநீர் தாங்கும் மரைன் வகை, ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது வேண்டும். முத்திரையைப் போலியாகவும் குத்துகிறார்கள் என்று ஆசாரி சொன்னதால், மைசூர் ரோடு டிம்பர் யார்டில் மூன்று கடைகளில் கையகலத் துண்டு வாங்கி வந்து, அடுப்பில் வைத்து எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். இரண்டு துண்டு புத்தகம் மாதிரி விரிந்துவிட்டன. மூன்றாவது அப்படியே இருந்தது, அதை வாங்கினேன். அம்மா அன்று முழுக்க அடுப்படியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

தகடுகளை மாட்டும்போது தையல்களில் பியூட்டைல் டேப் வைத்தோம். சூயிங் கம் மாதிரி ஒட்டிக்கொண்டு, இறுகாமல் இருக்கும். தகட்டைப் பிறகு கழற்ற வேண்டி வந்தாலும் சுலபம். விளிம்பில் பிதுங்குவதை ஒரு வாரம் கழித்து வெட்டிவிட்டு, மேலே பாலியூரித்தேன் பசை ஒரு கோடு. ரிவெட்டில் நுனி மூடிய வகையே வாங்கினேன். திறந்த வகையில் நடுத்துளை வழியாகவே தண்ணீர் இறங்கும். பிறகு ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். அது 2024 மார்ச். பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்த நேரம். எங்கள் தெருவில் ஆட்கள் குடத்தோடு நிற்கும்போது கூரைமேல் தண்ணீர் ஊற்ற எனக்கும் மனசு வரவில்லை. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து, தோட்டத்துக்கு விடும் தண்ணீரைக் கேட்டு வாங்கி, டிரம்மில் கொண்டுவந்து ஊற்றினோம். மேலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தையலிலும் பத்து நிமிஷம் நின்று, மெல்ல மேலே ஏற வேண்டும். அப்போதுதான் எந்தத் தையல் ஒழுகுகிறது என்று தெரியும். உள்ளே நான் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடம் சிக்கியது. அவற்றைச் சரிசெய்துவிட்டு, அவசரப்படாமல் மே மாத மழை வரும்வரை காத்திருந்தேன். அந்த மழையில் சொட்டு விழவில்லை என்று பார்த்த பிறகுதான் ஜூனில் உள் வேலைக்கு ஆசாரியைக் கூப்பிட்டேன்.

ஒயரிங்கில் உயிருக்கே ஆபத்து வந்தது. வீட்டு ஒயரிங் செய்கிறவரைத்தான் வைத்தேன். 12 வோல்ட்டில் கரண்ட் அதிகம் ஓடும் என்பது அவருக்குப் பழக்கமில்லை. 600 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவர் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தார், பத்து நிமிஷத்தில் தொட முடியாத சூடு. தடிமனான ஒயராக மாற்றி, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட வைத்தேன். இன்னொரு நாள், வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்புக் கொடுத்துவிட்டு, ஈரக் கையோடு கதவைத் தொட்டேன். கை சுண்டி இழுத்தது. உள்ளே ஏதோ ஒரு ஒயர் தகட்டில் உரசியிருக்கிறது, எர்த் இல்லை. வண்டி முழுக்க அலுமினியம், நிற்பது ரப்பர் டயரில்; தரையில் நின்று தொடுகிறவர்தான் எர்த். அம்மா தொட்டிருந்தால் என்ற நினைப்பு பல நாள் தூங்கவிடவில்லை. கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, சேசிஸுக்குச் சரியான எர்த் இணைப்பு, ஒயர் உலோகத்தைக் கடக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். இந்த மூன்றும் இல்லாமல் வெளி கரண்ட்டைச் செருகவே செருகாதீர்கள். கேஸும் அப்படித்தான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் 5 கிலோ சிலிண்டரை வெளியே திறக்கிற தனிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியிலும், சமையல் மேடைக்குக் கீழே தரையிலும் மூட முடியாத துளைகள் விட்டோம்.

ஆர்.சி. கதை தனியாகவே எழுதலாம். பழைய பெயின்ட்டைத் தேய்த்தபோது பக்கவாட்டில் பழைய பதிவு எண் தெரிந்தது. 1989-ல் கே.ஏ. வரிசை வருவதற்கு முன்பு கர்நாடகத்தில் இருந்த வகை எண். அதை வைத்துத்தான் அந்தப் பெரியவரின் மகளைக் கண்டுபிடித்தேன். அவர் அம்மா பீரோவில் பழைய ஆர்.சி. புத்தகம் இருந்தது. உரிமையாளர் இறந்துவிட்டதால் முதலில் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு, பிறகு 29, 30-ல் என் பெயருக்கு, பதிவு காலாவதியானதால் படிவம் 25-ல் புதுப்பிப்பு, பசுமை வரி, ஆய்வு. போக்குவரத்து அலுவலகத்துக்குப் பதினொரு தடவை போனேன். ஒருமுறை கோப்பையே காணவில்லை என்றார்கள். நான் கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் முத்திரை போட்ட நகல் வைத்திருந்ததால் பிழைத்தேன். தனிப் பயன்பாட்டுக்கான கேம்பர் டிரெய்லர் போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற வகையில் வரும். அந்த வகையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் தகுதிச் சான்று, வரி எல்லாமே மாறும். சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் துரு தேய்க்கும்போது தேய்த்துவிடாதீர்கள். ஆய்வில் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்கள். காகித வேலைக்கு 41,000 ரூபாய் ஆனது. பங்களா இடிக்கும் முன்பே அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

எல்லாம் முடிந்து 2025 ஜனவரியில் சோதனை ஓட்டம். சித்தப்பா மகன் ஓசூரில் இருக்கிறான், பொலேரோ வைத்திருக்கிறான். அத்திப்பள்ளி தாண்டி 60-ஐத் தொட்டதும் பின்னால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. "அக்கா, பின்னாடி பாம்பு மாதிரி நெளியுது" என்று பதறினான். அவன் பிரேக்கில் கால் வைக்கவில்லை, அது பெரிய புண்ணியம். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டவும் கூடாது, அழுத்திப் பிரேக் போடவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட வேண்டும். ஓரமாக நிறுத்தி இறங்கியபோது எனக்குக் கால் நிற்கவில்லை. காரணம் எளிது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் இடம் இருக்கிறதே என்று பின்பக்கம் வைத்திருந்தேன். எடை மேடையில் ஏற்றினோம், தண்ணீரோடு 1,280 கிலோ. வீட்டில் உடம்பு எடை பார்க்கும் கருவியை ஒரு கட்டைமேல் வைத்து, டிரெய்லர் மூக்கை, அதாவது கொண்டி இருக்கும் முன்முனையை, அதன்மேல் இறக்கிப் பார்த்தால் 30 கிலோதான் காட்டியது. மூக்கில் எடை குறைந்தால் வால் வண்டியை ஆட்டும். தொட்டியையும் பேட்டரியையும் அச்சுக்கு முன்னால் மாற்றி, மூக்கை 110 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். அந்த எடையை இழுக்கிற வண்டியின் கொண்டி தாங்குமா என்றும் பார்த்துக்கொண்டோம். பிறகு அதே சாலையில் அது அசையவில்லை. அறைகலன் வரையும் முன்பே கனமானவை எங்கே உட்காரும் என்று முடிவு செய்திருந்தால், புதுத் தரையை மறுபடி அறுக்க வேண்டியிருந்திருக்காது.

கணக்கு கேட்பீர்கள். வண்டி 1,20,000, ஏற்றி இறக்கியது 11,500, கொட்டகை வாடகை 26 மாதத்துக்கு 1,69,000, முதல் உள் வேலை 2,14,000, அடிவேலை 1,18,000, சட்டமும் தகடும் 1,46,000, பசை, ஜன்னல், ரப்பர் 38,000, ஒயரிங்கும் பேட்டரியும் 72,000, இரண்டாவது உள் வேலை 1,31,000, காகிதம் 41,000. மொத்தம் 10,60,500 ரூபாய். நான் ஆரம்பத்தில் ஒதுக்கியது நான்கு லட்சம். முதல் உள் வேலையில் சிங்க், ஃபேன், கீல்கள் என்று ஒரு 35,000 ரூபாய்ச் சாமான்தான் மிஞ்சியது, மீதி 1,79,000 அப்படியே போனது. வாடகையை நான் திட்டத்தில் எழுதவே இல்லை. இடம் சொந்தமாக இல்லாதவர்கள் முதலில் எழுத வேண்டிய வரி அதுதான்.

2025 பிப்ரவரி 26 சிவராத்திரி. காலையிலேயே கிளம்பி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக 50-ஐத் தாண்டாமல் போனோம். அம்மாவுக்காக வாசலில் ஆறு அங்குல உயரத்தில் நான்கு படி, இரு பக்கமும் கைப்பிடி. நகர்த்தக்கூடிய கழிப்பறைப் பெட்டியை நான்கு அங்குலப் பலகைமேல் ஏற்றி, நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்ததால் நடக்கும்போது வண்டி ஆடவில்லை. புளிய மரத்தடியில் நிறுத்தியதும் பெரியம்மாக்கள், அண்ணிகள் எல்லோரும் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். அம்மா இரண்டாம் கால பூஜை வரை சாமி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பிறகு வந்து இரண்டு மணி நேரம் படுத்தார், நான்காம் காலத்துக்கு அவராகவே எழுந்து படி இறங்கினார். மறுநாள் திரும்பும் வழியில், "அந்த மேசைய மட்டும் எடுக்காம விட்டியே, நல்லது" என்றார். தேக்கு மேசை இப்போதும் இருக்கிறது.

இப்போது மழைக்கு முன் ஒரு வேலை செய்கிறேன். ஒவ்வொரு மூலையிலும், ஜன்னலுக்குக் கீழேயும், விளக்குகளுக்குப் பின்னாலும் செய்தித்தாளை மடித்துச் செருகி வைப்பேன். மழை நின்றதும் எடுத்துப் பார்ப்பேன். நனைந்து காய்ந்திருந்தாலும் தாள் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். இந்த மே மாத மழையில் பதினாறு இடத்தில் பதினைந்து காய்ந்திருந்தன, வலது பின்விளக்குத் தாள் மட்டும் ஓரத்தில் ஈரம். ஞாயிற்றுக்கிழமை விளக்கைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி, புதுசு வைத்து மூடினேன். முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த மழைக்கு அந்த இடத்தில் புதுத் தாள் வைத்திருக்கிறேன்.